மில் அறையை மூடிய மேயர்

1

போன ஞாயிற்றுக்கிழமை கேகாலை பஸ் ஸ்டாண்டிலிருந்து என் தம்பி போன் பண்ணினான். அங்கே நல்ல மழை. பின்னால் ஒரு கண்டக்டர் தொண்டை கிழியக் கொழும்புக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒங்க மொதலாளி மேயரா இருந்தாரே, எறங்கிட்டாராமே?"

"எறங்கல. எறக்கிட்டாங்க."

"இருந்த வரைக்கும் என்னா சேத்தாரு? வீடு கீடு, வாகனம் கீகனம்?"

"ஒண்ணும் சேக்கல. எங்க மில் ரூம மூடினாரு."

"யாரோட மில் ரூம?"

"அவரோடதுதான். நான் வேல செய்றேன்ல, அதே ரூமு."

தம்பி குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அண்ணே, அந்தாளுக்கு மண்ட கிண்ட சரியில்லையா?"

பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது, போனை வைத்துவிட்டான். அவன் கேட்டதில் குற்றம் இல்லை. ஒருவர் பதவிக்கு வந்து தன் சொந்தத் தொழிற்சாலைக்கே பூட்டுப் போட்டார் என்று வரக்காப்பொல சந்தையில் நின்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பியைப் போல இன்னும் எத்தனையோ பேர் பஸ்ஸில் போகிறார்கள், வழியில் படிக்கட்டும்.

2

இத்தாலியின் வடக்கில், மலைகள் களைத்துப்போய்ச் சமவெளியாகப் படுத்துக்கொள்ளும் இடத்தில் எங்கள் நகரம் இருக்கிறது. குளிர்காலத்தில் மூடுபனி வந்து தெருவில் உட்கார்ந்தால் எழுந்து போக மனம் வராது அதற்கு. எதிர்வீட்டுச் சன்னல் ஒரு மஞ்சள் வதந்தி மாதிரித் தெரியும். இங்கேதான் இருபது வருஷத்துக்கு மேல் பிழைப்பு.

என் முதலாளியின் பெயர் எலியோ. பல்கலைக்கழகத்தில் ரப்பர் வேதியியல் படிப்பித்தவர். அதனால் ஊர் முழுக்க அவருக்குப் பேராசிரியர், அவர்கள் மொழியில் புரொபெஸ்ஸோரே. படிப்பித்தது போதாதென்று ஒரு சின்னத் தொழிற்சாலையும் தொடங்கினார். தண்ணீர்க் குழாய் ஒழுகாமல் இருக்க நடுவில் ஒரு ரப்பர் வளையம் வைப்பார்களே, அதுதான் எங்கள் உற்பத்தி. உலகத்தில் எத்தனையோ குழாய்கள் எங்கள் தயவில் ஒழுகாமல் இருக்கின்றன. அதற்காக யாரும் எங்களுக்கு நன்றி சொன்னதில்லை. ஒழுகாத குழாயைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

வேலை கேட்டுப் போன அன்று எந்த ஊர் என்று கேட்டார். சபரகமுவ மாகாணம், கேகாலைப் பக்கம், ரப்பர்த் தோட்டம் என்றேன். மனுசன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். என் கையை அவர் குலுக்கிய குலுக்கலில் ரப்பர் மரத்துக்கே மரியாதை செய்வது போல இருந்தது. அவர் ரப்பர் மரத்தை நேரில் பார்த்ததில்லை. நான் அவருடைய சமன்பாடுகளைப் பார்த்ததில்லை. இரண்டு பேருடைய சோறும் ஒரே மரத்திலிருந்து வந்தது.

தோட்டத்தில் பிறந்த நாக்கு சும்மா இருக்குமா? முதல் வாரம் அவர் எதைச் சொன்னாலும் "சீ, தொரை" என்றுதான் பதில் வந்தது. இங்கே 'சீ' என்றால் ஆமாம். தொரை நம்முடையது, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் தோட்டத்து அதிகாரி முன்னால் கைகட்டி நின்று சொல்லிப் பழகியது. ஃபோர்மன் அதைக் கேட்டுவிட்டு என் பெயரே தொரை என்று எடுத்துக்கொண்டான். லொக்கரில் அப்படியே எழுதி ஒட்டியும் விட்டான். தொழிலாளர் லயத்து அறையில் பிறந்தவனை இன்றைக்கும் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் "தொரை, இங்கே வா", "தொரை, அதைத் தூக்கு" என்று கூப்பிடுகிறார்கள். நான் திருத்தவில்லை. எங்கள் அப்பா கேட்டிருந்தால் சிரித்துச் சிரித்து இருமியிருப்பார்.

என் இடம் மில் அறை. இரண்டு இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். அவற்றின் நடுவே ரப்பரைக் கொடுத்து, கரித்தூளும் கந்தகமும் இன்னும் என்னென்னவோ பொடிகளும் தூவிப் பிசைவோம். ரொட்டிக்கு மாவு பிசைவது போலத்தான். ஆனால் இந்த மாவு சுடும், புகையும், கையைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்க்கும். உருளைக்கு அந்தப் பக்கம் நிற்பவன் சுனில். கேகாலைச் சிங்களவன், அவனும் ரப்பர்க் காட்டுப் பிள்ளைதான். ஊரில் இருந்திருந்தால் நாங்கள் பஸ்ஸில் இடத்துக்குச் சண்டை போட்டிருப்போம். இங்கே ஒரே டப்பாச் சோற்றில் இரண்டு கரண்டி.

மில் அறை நாறும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கும் சுனிலுக்கும் அது தெரியவே தெரியாது. புளித்த ரப்பர்ப் பாலும் புகையறையும் ஒட்டுப்பால் மூட்டையும் சூழப் பிறந்த மூக்கு. ரப்பர் நாறுகிறது என்றால் காற்று நாறுகிறது என்பது போல எங்களுக்கு.

என் மகள் திவ்யா இங்கே பிறந்தவள், அவளுக்கு இங்கத்திய மூக்கு. என்னுடைய வேலை ஜாக்கெட்டை வீட்டுக்குள் விடமாட்டாள், பல்கனிக் கம்பியில்தான் அதற்கு வாழ்க்கை. எங்களோடு தமிழ் பேசுவாள், வரி கட்டுவது போல. தேவையானதை மட்டும், கடைசித் திகதியில்.

3

புரொபெஸ்ஸோரேக்கு அரசியல் ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மனைவி இறந்த பிறகு வந்தது என்பார் சிலர். மாணவர்கள் அவர் பேச்சைக் கேட்காமல் தூங்கியதால் வேறு கூட்டம் தேடினார் என்பான் சுனில்.

முதல் தடவை நகரசபைக்கு நின்றார். சின்னம் அவரே வரைந்தார். வேதியியலில் வரும் ஓர் அறுகோணம். அதைப் பார்த்துப் பாதிப் பேர் நட்டு என்றார்கள், மீதிப் பேர் தேன்கூடு என்றார்கள். தோற்றார். அடுத்த தடவை உறுப்பினராக உள்ளே போனார். எதிர்வரிசையில் உட்கார்ந்து கொண்டு குப்பை அள்ளுவதைப் பற்றிக்கூடத் திரையில் படம் போட்டு விளக்குவாராம். அவர் எழுந்தால் மற்றவர்கள் காப்பி குடிக்க வெளியே போய்விடுவார்களாம். மூன்றாவது தடவை மேயருக்கு நின்றார். தொழிற்சாலைச் சாவியைத் தன் தங்கையிடம் கொடுத்துவிட்டு ஒரு பழைய சைக்கிளில் ஏறினார். இங்கே அரசியலுக்கு வருகிறவர் சைக்கிளில் ஏறினால் பெரிய தேர்தல் என்று அர்த்தம்.

அந்தத் தேர்தலில் பேசுபொருளே எங்கள் நாற்றம்தான். சுற்றுவட்டாரத்து வீட்டுக்காரர்கள் மனு ஒன்று எழுதிச் சதுக்கத்தில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். எதிர்த்து நின்றவர் தொழிற்சாலையையே ஊருக்கு வெளியே அனுப்புவேன் என்றார். புரொபெஸ்ஸோரே சொன்னது வேறு. "எல்லாத் தொழிற்சாலைக் காற்றையும் அளப்பேன். அளந்ததைச் சுவரில் ஒட்டுவேன். அளவு மீறினால் மூடுவேன்."

"எல்லாத் தொழிற்சாலையும்" என்பதில் எங்களுடையதும் சேருமா என்று எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தோட்டத்தில் ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில் தராசு பிடிக்கிறவர் பக்கம் முள் சாய்வதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். தராசு நம்ம ஆள் கைக்கு வருகிறது, வேறென்ன வேண்டும்?

"அபே மினிஹா தானே மச்சான்," என்றான் சுனில். நம்ம ஆள். "அவரு வந்தா நம்ம ரூமுக்கு ஒண்ணும் ஆவாது. மத்தவன் வந்தா பெட்டி கட்ட வேண்டியதுதான்."

அன்றிரவு சாப்பாட்டில் இதைச் சொன்னபோது திவ்யா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த மனுவுல நானும் சைன் பண்ணிட்டேன்ப்பா."

என் மனைவி செல்வியின் கரண்டி பாத்திரத்தில் விழுந்தது. "அடியே! ஒங்கப்பா வேலைக்கு எதிராவா?"

"அப்பாக்கு எதிரா இல்லம்மா. நாத்தத்துக்கு எதிரா."

"அந்த நாத்தத்துலதான்டி ஒன்ன படிக்க வச்சோம்!" அவள் பெல்மதுளைக்காரி, மாணிக்கம் தோண்டும் ஊர். கோபம் வந்தால் குரல் மாணிக்கக் குழிக்குள் இருந்து வருவது போல ஏறி வரும்.

"தெரியும்மா," என்றாள் பிள்ளை. "தெரிஞ்சுதான் போட்டேன்."

சோறு பிசைந்த கையை முகர்ந்து பார்த்தேன். கறி வாசனை மட்டும்தான் வந்தது.

4

முதல் சுற்றில் யாருக்கும் பாதி வாக்கு வரவில்லை. முதல் இரண்டு பேரும் திரும்ப மோத வேண்டும். அந்த இடைவெளியில் எங்கள் ஆட்கள், தமிழரும் சிங்களவருமாக, புரொபெஸ்ஸோரேயை மாதா கோவில் மண்டபத்துக்கு அழைத்தோம். தலைவர் வருகிறார், வெறும் கையோடு வரவேற்பதா? மாலை பொறுப்பைச் செல்வி எடுத்துக்கொண்டாள். மாலை என்றால் கழுத்து குனிய வேண்டும் என்பது அவள் கட்சி.

ஒக்டோபர் மாதம். பூக்கடைகளில் மலை மலையாகச் செவ்வந்தி. வெள்ளை, மஞ்சள், செந்நிறம், கை நிறையப் பெரிய பூ, விலையும் கொள்ளை மலிவு. செல்வி அள்ளிக்கொண்டு வந்தாள். வந்தவள் கடைக்காரியைப் புகழ்ந்து தள்ளினாள்.

"எவ்வளவு நல்ல மனுசிங்க! எதுக்குன்னு கேட்டா. எங்க தலைவருக்குன்னு சொன்னேன். என் கையப் புடிச்சு அழுத்தி, கண்ணு கலங்கிட்டா. வெலையும் கொறச்சுத் தந்தா. அவளும் நம்ம கட்சி போலிருக்கு."

மண்டபத்தில் மாலையைப் போட்டோம். ஆளுயர மாலை, நடுவில் சரிகை நூல், கீழே குஞ்சம். கைதட்டல் எங்கள் பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. வெள்ளைக்காரர் பக்கம் அப்படியே உறைந்துவிட்டது. ஒரு கிழவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். தேர்தல் வேலை பார்க்கும் பெண் வாயைப் பொத்தினாள். வெப்ப இயக்கவியலில் புத்தகம் எழுதிய புரொபெஸ்ஸோரேயின் வலது கை மெல்லக் காற்சட்டைப் பைக்குள் போய்ச் சாவிக் கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. கெட்ட சகுனம் கண்டால் இரும்பைத் தொடுவது இவர்கள் வழக்கம். முகத்தில் மட்டும் சிரிப்பு, ஒட்டவைத்தது போல.

திவ்யா வாசலிலிருந்து ஓடிவந்து என் காதில் சொன்னாள். "அப்பா, அது செத்தவங்களுக்கு வைக்கிற பூ! கல்லறைக்கு மட்டும்தான் கொண்டு போவாங்க!"

இவ்வளவு காலம் இருந்தும் இது தெரியாதா என்று கேட்பீர்கள். நவம்பர் பிறந்ததும் ஊரே கல்லறைக்குப் போகும் என்பது தெரியும். என்ன பூவோடு போகும் என்று பார்த்ததில்லை. கல்லறை வாசலில் எங்களுக்கு என்ன வேலை? எங்கள் செத்தவர்கள் எல்லோரும் கடலுக்கு அப்பால், ரப்பர் மரத்தடியில் கிடக்கிறார்கள். இந்த மண்ணில் எங்களுக்கு என்று இன்னும் ஒருவரும் சாகவில்லை.

படம் அன்று மாலையே ஊர் முழுவதும் போனில் சுற்றியது. 'வாக்குப் பெட்டிக்கு முன்பே சவப்பெட்டி' என்று ஒருவர் எழுதினார். செல்வி குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "என் கையாலயே அந்தப் பாவப்பட்ட மனுசனுக்கு..."

மறுநாள் காலை புரொபெஸ்ஸோரே மில் அறைக்கே வந்துவிட்டார். நான் உருளையை நிறுத்தினேன்.

"தொரை, ஒண்ணு சொல்லு. உங்க ஊர்ல இந்தப் பூவ யாருக்குப் போடுவாங்க?"

"சாமிக்கு. கல்யாணப் பொண்ணுக்கு. தலைவருக்கு."

"உயிரோட இருக்கிறவங்களுக்கு?"

"உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான், புரொபெஸ்ஸோரே."

"ஊர் பேர் என்ன? மெதுவாச் சொல்லு."

சொன்னேன். ஒரு துண்டுக் கடுதாசியில் அசை அசையாக எழுதிக்கொண்டார். அன்றைக்கு உள்ளூர் டீவியில் விவாதம். எதிராளி வாயைத் திறந்ததுமே, "நண்பர் எலியோ தன் சவ ஊர்வலத்திலிருந்து நேராக வந்திருக்கிறார்," என்று தொடங்கினார். புரொபெஸ்ஸோரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சா-ப-ர-கா-முவா என்று ஒரு நாடு இருக்கிறது." மாகாணத்தை நாடாக்கிவிட்டார், போகட்டும். "அங்கே பூவை ஆள் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவார்கள். நாம் சாகும்வரை காத்திருக்கிறோம். எது நாகரிகம் என்று வாக்காளர்கள் சொல்லட்டும்."

ஸ்டூடியோவில் எதிராளியின் ஆட்களே சிரித்துவிட்டார்கள். அன்றும் சாத்திக்கிடந்த குளியலறைக் கதவு திறந்தது. செல்வி ஈர முகத்தோடு வந்து டீவி முன்னால் நின்றாள். "என்னாங்க, நம்ம ஊரு பேரையா சொன்னாரு?"

5

நான் வாக்குப் போட்ட கதையையும் சொல்ல வேண்டும்.

ஊரில் சுதந்திரம் வந்த கையோடு நம் தோட்டத்து ஆட்களின் குடியுரிமையைப் பறித்துவிட்டார்கள் அல்லவா. என் அப்பா பிறந்த தோட்டத்திலேயே பால் வெட்டி, அதே தோட்டத்திலேயே செத்தார். எந்தத் தேர்தலிலும் அவர் விரலில் மை பட்டதில்லை. எனக்கு அங்கே பிரசாவுரிமைக் கடுதாசி கைக்கு வந்தபோது மீசை முளைத்து முதிர்ந்திருந்தது. அடுத்த தேர்தல் வருவதற்குள் விமானம் ஏறிவிட்டேன். இங்கே வந்து வதிவிட அனுமதிக்காகப் பொலிஸ் அலுவலகத்தில் நின்ற வரிசைகளை எல்லாம் ஒன்றாக நிமிர்த்தினால் பெல்மதுளை வரைக்கும் நீளும். விரல் ரேகை எடுக்கும் இயந்திரத்துக்கு என் விரல்களைப் பிடிக்காது. கரியும் கந்தகமும் ரேகையைத் தின்றுவிட்டன. "கையைக் கழுவிவிட்டு வாருங்கள்," என்பாள் அதிகாரி. "இருபது வருஷமாகக் கழுவுகிறேன், அம்மா," என்பேன். எல்லாம் முடிந்து குடியுரிமை வந்த மறுவருஷம் இந்தத் தேர்தல்.

ஆக முதல் சுற்றில், ஐம்பது வயதில், என் முதல் வாக்கு. அட்டைத் தடுப்புக்குள் நின்று பென்சில் முனையை இரண்டு தடவை பார்த்தேன். அறுகோணத்தின் மேல் கோடு போட்டேன். பக்கத்துத் தடுப்பில் திவ்யா. அவளுக்கும் அதுதான் முதல் வாக்கு. வெளியே வந்து யாருக்குப் போட்டாய் என்றேன். "எலியோக்குத்தான்," என்றாள். "அளப்பேன்னு சொன்னாருல்ல." நான் போட்டது மில் அறை திறந்திருக்க. அவள் போட்டது அது மூடப்படலாம் என்பதற்காக. ஒரே ஆள், ஒரே சின்னம்.

இரண்டாம் சுற்றிலும் இருவரும் அப்படியே போட்டோம். அவர் மயிரிழையில் வென்றார்.

வென்ற பின் முதல் ஞாயிறு, நானும் சுனிலும் பழத்தட்டோடு அவர் வீட்டுக்குப் போனோம். ஊர் முறைதானே. தலைவர் வென்றால் தட்டோடு போய், தலையைச் சொறிந்து, மெல்ல விஷயத்துக்கு வர வேண்டும். அன்னாசியை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். நான் தலையைச் சொறிந்தேன்.

"நம்ம மில் ரூம் விஷயமா, புரொபெஸ்ஸோரே. அளக்க வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"அதுக்கு நகரசபையில ரெண்டாம் மாடி, தொரை. கீழே நம்பர் எடுக்கணும். செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவா இருக்கும்."

சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மனுசன் உண்மையாகவே உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

திரும்பி வரும் வழியில் சுனில் கேட்டான். "மச்சான், நம்பர் எடுக்கவா அன்னாசி வாங்கினோம்?"

அளக்க வந்தார்கள். எங்கள் புகைபோக்கியில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டுப் போனார்கள். முடிவைச் சொன்னபடியே நகரசபைச் சுவரில் ஒட்டினார். அளவு மீறியிருந்தது. அவரே உத்தரவு எழுதி, அவரே கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் தன் சொந்தத் தொழிற்சாலைக்கு அனுப்பினார். புதிய வடிகட்டி பொருத்தும் வரை மில் அறை மூடப்படும். அதற்குக் கீழே மேயருடைய முத்திரை. தபாலை வாங்கிய தங்கை அன்றோடு அண்ணனிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

நாங்கள் வீட்டுக்குப் போனோம். வேலை நின்றவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் தரும். மிச்சத்துக்குச் செல்வி ஓடினாள். ஏற்கெனவே ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இன்னொரு கிழவியையும் ஒப்புக்கொண்டாள். காலையில் ஒருத்தியைக் குளிப்பாட்டி, மாலையில் இன்னொருத்தியைக் குளிப்பாட்டி, வீட்டுக்கு வந்து குளிக்கத் தெம்பில்லாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போவாள்.

"ஒங்க தலைவரு நல்லாத்தான் செஞ்சாரு," என்பாள், கண்ணைத் திறக்காமலே.

6

சும்மா இருப்பது எனக்கு வராது. நகரத்தைக் காலால் அளந்தேன். ஆற்றங்கரை, ரயில் பாலம், சந்தை. மாதங்கள் போயின. ஒரு நாள் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று ரொட்டி வாசனை வந்தது. எங்கிருந்து என்று திரும்பிப் பார்த்தால் பேக்கரி அடுத்த தெருவில். அப்புறம் நனைந்த இலை. அப்புறம் ஒரு கிழவரின் சுருட்டு. செல்வியின் தலையில் இருக்கும் எண்ணெய்க்கு ஒரு வாசனை உண்டு என்பதை இத்தனை வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு கண்டுபிடித்தேன். என் மூக்கு, சொல்லாமல் கொள்ளாமல் போன பழைய சிநேகிதன் மாதிரித் திரும்பி வந்திருந்தது.

அந்த வாரம் லொக்கரில் விட்டுவந்த குடையை எடுக்கத் தொழிற்சாலைக்குப் போனேன். மில் அறைக் கதவைத் தள்ளியதும் ஒரு கை வந்து முகத்தில் அறைந்தது போல இருந்தது. சுட்ட கந்தகம், காறிய எண்ணெய், எரிந்த மயிர், எல்லாம் ஒன்றாக. மாதக்கணக்கில் ஓடாத அறை அது. சுவரே நாறியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, மதிலோரம் குந்திவிட்டேன். இதற்குள்ளா நின்றேன்? இதையா ஒவ்வொரு நாளும் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன்?

வீட்டில் சொல்லவில்லை. நான் சொல்லாததைத் திவ்யா கண்டுபிடித்துவிட்டாள். சமையலறையில் நான் கொத்தமல்லிக் கட்டை மூக்கில் வைத்து நின்றிருந்தேன்.

"என்னப்பா செய்றீங்க?"

"மோந்து பாக்குறேன்."

கிட்ட வந்தாள். "நல்லாருக்கா?" என்றாள். அப்படி அவள் தமிழில் என்னிடம் தேவையில்லாமல் ஒரு கேள்வி கேட்டு வெகுகாலம் ஆகிறது.

7

மேயரின் வீழ்ச்சி சின்னக் கதை. தன் தொழிற்சாலையை மூடியவர் அதே பெட்டியை மற்றவர்களின் புகைபோக்கிகளிலும் தொங்கவிடத் தொடங்கினார். அவற்றில் சில அவரை ஆதரித்து நின்றவர்களின் புகைபோக்கிகள். ஒரு காலையில் சபை உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சேர்ந்தே பதவி விலகினார்கள். அப்படி விலகினால் சபை கலையும், மேயர் வீட்டுக்குப் போவார். அதுதான் இங்கே சட்டம். சைக்கிளை நகரசபை வாசலில் இருந்து உருட்டிக்கொண்டு போனாராம், டயரில் காற்று இல்லாததால்.

ஊரை நடத்த அரசாங்கம் ஓர் ஆணையாளரை அனுப்பியது. அவர் கோப்புகளைப் புரட்டி முதலில் கண்டுபிடித்ததே எங்கள் உத்தரவைத்தான். தன் சொந்தக் கம்பனி விஷயத்தில் மேயரே கையெழுத்துப் போடக்கூடாது, துணை மேயர்தான் போட்டிருக்க வேண்டும், ஆகவே உத்தரவு செல்லாது என்றார். புரொபெஸ்ஸோரேக்கு இது தெரியாமல் இல்லையாம். இந்தக் கெட்ட பெயரை இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது என்று தானே போட்டாராம். படித்தவர்களின் கர்வம் இப்படியும் வரும்.

ஆக, மில் அறையைச் சட்டப்படி நாளைக்கே திறக்கலாம். செய்தி வந்ததும் செல்வி இரண்டு கையையும் கூப்பினாள். "மொத ஆளாப் போய் நில்லுங்க. இன்னும் ரெண்டு மாசம் என் இடுப்பு தாங்காது."

இந்தத் திங்கட்கிழமை மில் அறைக்காரர்கள் ஐந்து பேரும் போனோம். காப்பி இயந்திரம் இருக்கும் சிறு அறையில் புரொபெஸ்ஸோரே எங்களைப் போலவே நீல உடுப்புப் போட்டு உட்கார்ந்திருந்தார். உடுப்பு அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. பதவி எடையைத் தின்றிருந்தது.

"வடிகட்டி வர இன்னும் ரெண்டு மாசம் ஆகும்," என்றார். "சட்டம் நாளைக்கே ஓட்டலாம்னு சொல்லுது. முதலாளியா ஓட்டத்தான் ஆசை. வேதியியல்காரனா ஓட்டக் கூடாதுன்னு தெரியும். மேயரா எனக்கு இனி அபிப்பிராயம் கிடையாது. அந்த ரூம்ல மூச்சு விடுறவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க."

"இதுல சொல்ல என்னா இருக்கு சேர்?" என்றான் சுனில் சிரித்துக்கொண்டே. "தொறக்கிறதுதான்."

நாளைக்கே திறக்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். இத்தாலிக்காரர்கள் இருவர் தூக்கினார்கள். சுனிலின் கை பாதி ஏறி, என் கை இன்னும் மேசை மேல் இருப்பதைப் பார்த்து அந்தரத்தில் நின்றது. காத்திருக்கலாம் என்பவர்கள் என்றார். மொரோக்கோக்காரன் ஒருவன், ஆஸ்துமா உள்ளவன், தூக்கினான். நானும் தூக்கினேன்.

"பிஸ்ஸுத மச்சான்?" சுனில் கத்தினான். உனக்குப் பைத்தியமா என்கிறான். "வீட்டுல செல்வி நங்கி கொன்னுருவா ஒன்னைய!" நங்கி என்றால் தங்கச்சி.

"தெரியும். நீ எந்திரிச்சு வா."

"எங்க?"

"ரூமுக்கு. கதவத் தொறந்து ஒரே ஒரு தடவ மோந்து பாரு. அதுக்கப்புறம் எந்தப் பக்கம் வேணா தூக்கு."

முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அவனும் அத்தனை மாதமும் வெளிக் காற்றில் திரிந்தவன்தானே. கதவை நான் திறந்தேன். அவன் ஓர் அடி உள்ளே வைத்தான். நின்றான். சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான், யாரோ தன்னை இத்தனை வருஷம் ஏமாற்றியது போல.

"மேக்க அபேத?" என்றான். இது நம்முடையதா?

"நம்மளோடதுதான்."

திரும்பி வந்து உட்காரவில்லை அவன். நின்றபடியே, யாரையும் பார்க்காமல், கையைத் தூக்கினான். மூன்றுக்கு இரண்டு. புரொபெஸ்ஸோரே எழுந்து ஐந்து பேருக்கும் காப்பி எடுத்துக் கொடுத்தார். இத்தாலிக்காரர்கள் இருவரும் அதைத் தொடவில்லை.

நான் வெளியே வந்து செல்விக்குப் போன் அடித்தேன். இரண்டாவது கிழவியின் வீட்டில் இருந்தாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"என்னாங்க, தொறந்தாச்சா?"

"இல்ல செல்வி. வடிகட்டி வர்ற வரைக்கும் மூடியே இருக்கும்."

தண்ணீர் நின்றது. "மறுபடியுமா? இப்ப யாரு மூடினது? அந்தாளுதான் மேயர் இல்லையே!"

"நாங்கதான் மூடினோம்," என்றேன்.